நீக்கி

அந்தப் படத்தில் அப்பப்பா நிற்கிறார். அதில் ஏதோ பிசகு இருக்கிறது என்று எனக்குப் பட நாற்பது வயது கடந்துவிட்டது.

அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துக் குடும்பப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் நடுவிலே கதிரையில் இருப்பார். மனைவி பக்கத்துக் கதிரையில், அல்லது பின்னால் நிற்பார். மலாயாவிலிருந்து லீவில் வந்தவரென்றால் கேட்கவே வேண்டாம். சப்பாத்துக் காலை முன்னுக்கு வைத்து, கைத்தடியை முழங்காலில் சாத்தி, சங்கிலி மணிக்கூடு தெரிய இருப்பார். எங்கள் வீட்டுப் படத்தில் நடுக் கதிரையில் அப்பாச்சி இருக்கிறார். நாற்பது வயது ரயில்வே உத்தியோகத்தரான அப்பப்பா, கதிரையின் முதுகுச் சட்டத்தை இரண்டு கைகளாலும் பிடித்தபடி பின்னால் நிற்கிறார். இடுப்புக்குக் கீழே அவர் தெரியவில்லை.

1946ஆம் ஆண்டு வைகாசி கடைசியில் தெல்லிப்பழையில் எங்கள் வீட்டு முற்றத்தில் எடுத்த படம் அது. விறாந்தைத் தூண்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டித் திரையாக்கியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் வேட்டி எட்டாமல் போனதால் அரைத் தூணும் ஒரு மாங்கொப்பும் தெரிகின்றன. அந்த வீட்டில் இன்று மிஞ்சியிருப்பது அந்த அரைத் தூண்தான், அதுவும் படத்தில். அப்பாச்சியின் வலப்பக்கம் பெரியப்பாவும் மாமியும். இடப்பக்கம் என் அப்பா, ஆறு வயது, அப்பாச்சியின் சேலையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, பின்னால் நிற்கிற மனிதரிடமிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி நிற்கிறார். அப்பா பிறந்தது 1940இல். அப்பப்பாவை அவர் முதன்முதலாகக் கண்டு அன்றைக்கு மூன்று கிழமைதான் ஆகியிருந்தது.

1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு எல்லோரும் ஓடியபோது மாமி இந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, காணி உறுதிகளுக்கு நடுவே வைத்து, பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு சேர்த்து ஒரு துணிப்பையில் கொண்டுபோனார். 1995 ஐப்பசியில் கொட்டுகிற மழைக்குள் நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்குப் போனபோதும் அதே பைதான். உறுதியின் மடிப்புப்பட்ட ஒரு கோடு இன்றும் படத்தின் குறுக்கே, பெரியப்பாவின் நெஞ்சுக்கு மேலாக ஓடுகிறது. நான் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னமே அப்பப்பா போய்விட்டார். எனக்கு அவர் இந்தப் படமும், மாமி சொன்னவையும்தான்.

வீட்டில் இன்னொரு படமும் இருந்தது. 1939இல் கோலாலம்பூரில் ஒரு ஸ்டூடியோவில், லீவில் ஊர் வருவதற்குச் சற்று முன் எடுத்தது. அதில் அப்பப்பா ஒழுங்காகக் கதிரையில் இருக்கிறார். கழுத்து மூடிய வெள்ளை ட்றில் கோட்டு. வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு படங்களையும் ஒருநாள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். இரண்டிலும் ஒரே கோட்டு. மூன்றாவது பொத்தான் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிது. எங்கேயோ தொலைந்து மாற்றித் தைத்தது. 1946இல் அதே கோட்டின் கழுத்துப் பட்டிக்கும் தொண்டைக்கும் நடுவே இரண்டு விரலை நுழைக்கலாம். தோள் தையல் புயத்தில் பாதி வரை இறங்கிக் கிடக்கிறது. முன்பக்கம் மட்டும் சுருக்கமில்லாமல் நேராக இருப்பது எப்படி என்று மாமியிடம் கேட்டேன்.

“அம்மா பின்னுக்கு ஊசி குத்தினவ. நாலைஞ்சு ஊசி. நான்தான் எடுத்துக் குடுத்தனான்.”

1939இல் லீவுக்கு வந்தபோது அப்பப்பா அந்தக் கோட்டை அலுமாரியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்பாச்சி வயிற்றில் பிள்ளையோடு ஊரில் தங்கிவிட்டார். பிரசவம் முடிந்து பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் மூன்று பிள்ளைகளோடும் கப்பலேறுவது என்பது ஏற்பாடு. அப்பப்பா 1940 தொடக்கத்தில் தனியே திரும்பினார்.

மலாயாவுக்குப் போவது எங்கள் பக்கத்தில் கொழும்புக்குப் போவதைப் போலத்தான் இருந்தது. 1885இல் திறந்த மலாயாவின் முதல் ரயில் பாதையைத் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் நடுவே போட இலங்கையிலிருந்து பயனியர் படையைக் கொண்டுபோனார்கள். பாதை போட்டால் நிலையம் வேண்டும், நிலையத்துக்குக் கணக்கெழுத, தந்தி அடிக்க இங்கிலிஷ் படித்த ஆள் வேண்டும். வட்டுக்கோட்டையிலும் தெல்லிப்பழையிலும் அமெரிக்க மிசனரிமார் வைத்த பள்ளிக்கூடங்கள் அந்த ஆட்களை வருஷா வருஷம் வளர்த்து அனுப்பின. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், சிரம்பான், தைப்பிங் எல்லாம் எங்கள் வீடுகளில் பக்கத்து ஊர்ப் பேர் போல அடிபட்டன. கல்வீடுகள் பல மலாயா மணியோடரில் எழும்பின. வயதானதும் ஊர் வந்து பென்சனில் இருந்தவர்களுக்கு ‘மலாயாப் பென்சன்காரர்’ என்றே பேர். அப்பப்பா செந்தூலில் கிறாணி. மலாயாவில் கிளாக்கரைக் கிறாணி என்பார்கள்; அந்தச் சொல் ஊருக்கும் வந்தது.

1941 மார்கழி 8ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். தை 11இல் கோலாலம்பூர். மாசி 15இல் சிங்கப்பூர். அதோடு தபால் நின்றது, மணியோடர் நின்றது. மாசி தொடங்கி மூன்றரை வருஷத்துக்கு மேல் மலாயா குடும்பங்கள் எல்லாம் ஒரு துரும்புச் செய்திகூட இல்லாமல் இருந்தன. பங்குனியில் ரங்கூனும் விழ, பர்மா அரிசி வராமல் போனது. புருஷனைப் பிடித்துவைத்திருந்தவனே சோற்றையும் பிடித்துக்கொண்டான் என்று அப்பாச்சி சொல்வாராம். கூப்பன் அரிசி காணாது. ஒடியற் கூழும் மரவள்ளியும்தான். காப்பு ஒவ்வொன்றாய் அடைவுக்குப் போய் மூழ்கியது. தாலிக்கொடி மட்டும் மிஞ்சியது. அதிலும் ஊர் வாய் வைத்தது. ‘இன்னும் என்னத்துக்குப் பொட்டு’ என்று முகத்துக்கு நேரே கேட்ட சொந்தங்கள் உண்டு. அப்பாச்சி பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்தார். மாவிட்டபுரத்துக்கு நடந்துபோய்க் கந்தசஷ்டி பிடித்தார். வெள்ளிக்கிழமை தோறும் அலுமாரியைத் திறந்து கோட்டை எடுத்து உதறி, பூச்சி அரிக்காமல் கொடியில் வெயிலுக்குப் போடுவார். முற்றத்துக் கொடியில் கையை விரித்துத் தொங்குகிற அந்த வெள்ளைக் கோட்டைத்தான் அப்பா தன் தகப்பன் என்று நினைத்திருந்தாராம். இதை அப்பா எனக்கு நேரே சொன்னதில்லை. மாமி சொல்லித்தான் தெரியும்.

1945 கடைசியில் ஒரு தபால் அட்டை வந்தது. அடுத்த வைகாசியில் கொழும்பில் கப்பலால் இறங்கி, மெயில் ரயிலில் அப்பப்பா தெல்லிப்பழை ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தார். ஆளை அடையாளம் கண்டது அப்பாச்சி மட்டும். இரண்டாம் வாரமே படமெடுக்க ஆள் அனுப்பியதும் அப்பாச்சிதான். ‘உயிரோடை வந்திட்டார் எண்டு காட்ட வேண்டாமே’ என்றாராம். யாருக்குக் காட்ட என்று மாமி எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கதிரையில் இருக்கச் சொன்னபோது அப்பப்பா மறுத்திருக்கிறார். படமெடுக்கிறவர் கெஞ்சினாராம். அப்பாச்சியும் சொல்லிப் பார்த்தாராம். ‘அவ இருக்கட்டும், இவ்வளவு நாளும் அவதானே இருந்தவ’ என்று சொல்லிப் பின்னால் போய் நின்றுகொண்டார். அழகான பதில். மாமியும் வெகுகாலம் அதையேதான் நம்பினார். நானும் நம்பியிருப்பேன்.

அந்த மூன்றரை வருஷத்தைப் பற்றி அவர் ஒன்றும் கதைப்பதில்லை. ‘சயாமிலை நிண்டவர்’ என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. பத்து வயது மாமி ஒருநாள் கிணற்றடியில் வைத்துக் கேட்டிருக்கிறார்.

“ஐயா, நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?”

“நீக்கி.”

“என்னத்தை நீக்கி?”

அப்பப்பா வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். பதில் வரவில்லை. தகப்பனுக்கு மூளை கொஞ்சம் பிசகிவிட்டது, பாதி வசனத்தில் மறந்துபோகிறார் என்று மாமி பயந்துவிட்டார். அறுபது வருஷத்துக்குப் பிறகு எனக்குச் சொன்னபோதும் அதை வசனமாகத்தான் சொன்னார்.

வேறொன்றும் மாமி சொன்னார். வீட்டில் மூங்கில் எரிக்கக் கூடாது. பந்தல் பிரித்த மூங்கில் துண்டொன்றை வேலையாள் அடுப்பில் வைத்தபோது அது டப்பென்று வெடித்தது. அப்பப்பா விறாந்தையிலிருந்து எழும்பி நடந்து, படலையைத் தாண்டி ஒழுங்கைக்குப் போய், அங்கே நின்றார். அடுப்பு ஆறும்வரை வரவில்லை.

இந்தத் துணுக்குகளோடு நான் இருந்த காலத்தில்தான் படத்தைச் சட்டம் மாற்றிப் போட எடுத்தேன். பின்பக்கத்தில், பென்சிலில், அப்பப்பாவின் கையெழுத்தில் 2606 என்று இருந்தது. அதன்மேல் மெல்லிய ஒற்றைக் கோடு. பக்கத்தில் 1946.

“அது படக்காரன்ரை நம்பர். பிழையா எழுதினபடியால் வெட்டியிருக்கிறார்” என்றார் மாமி.

பல மாதம் கழித்து வேறெதையோ தேடி, சிங்கப்பூர் தேசிய நூலகம் எண்மமாக்கி இணையத்தில் வைத்திருக்கும் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் சிங்கப்பூருக்குச் ‘சியோனான்’ என்று பேர் மாற்றி நடத்திய இங்கிலிஷ் பத்திரிகை. தலைப்புக்குக் கீழே தேதி: பெப்ரவரி, 2602. கொஞ்ச நேரம் அந்த இலக்கத்தைப் பார்த்தபடி இருந்தேன். ஜப்பானின் முதற் சக்கரவர்த்தி என்று அவர்கள் சொல்லும் ஜிம்முவிலிருந்து எண்ணுகிற வருஷக்கணக்கு அது. நம் கணக்கோடு 660ஐக் கூட்ட வேண்டும். 1942 அவர்களுக்கு 2602. மணிக்கூட்டை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பியதைப் போல வருஷத்தையும் திருப்பிவிட்டார்கள். அப்படியானால் 2606 என்பது 1946. சண்டை முடிந்து, அந்த ராச்சியமும் கணக்கும் ஒழிந்து ஒன்பது மாதத்துக்குப் பிறகு, சொந்த வீட்டு முற்றத்தில், மனைவி பிள்ளைகளோடு எடுத்த படத்தின் பின்னால் அப்பப்பாவின் கை தன்பாட்டில் 2606 என்று எழுதியிருக்கிறது. பிறகு விழித்துக்கொண்டு வெட்டியிருக்கிறது.

தினமும் தேதி எழுதிய கை. அப்படியானால் சயாமிலும் அவர் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அதன்பிறகு நான் படித்ததெல்லாம் அந்த ரயில் பாதையைப் பற்றித்தான். சயாமில் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவில் தன்பியூசயாத் வரை 415 கிலோமீற்றர். 1942 நடுவில் தொடங்கி 1943 ஐப்பசியில் இரண்டு முனையும் கொன்கொய்த்தாவில் முட்டின. அதற்குத் தண்டவாளம் காணாமல், மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து கழற்றிக் கொண்டுபோனார்கள். செந்தூல் கிறாணிக்கு அந்த இரும்பின் கணக்கு முன்னமே தெரிந்திருக்கும். பிரிட்டிஷ், ஒல்லாந்து, அவுஸ்திரேலியக் கைதிகள் 60,000க்கு மேல். செத்தவர்கள் 12,000க்கு மேல். உலகம் படமெடுத்துப் பார்த்தது இவர்களின் கதையை. ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் வரை. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேல். பெரும்பாலும் ரப்பர் தோட்டத் தமிழர். நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று முதலில் ஆசை காட்டினார்கள். ஆள் வராமல் போக, இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிவந்து கதவை அடைத்து லொறியில் ஏற்றினார்கள். செத்தவர்கள் 90,000 என்று ஒரு கணக்கு. அதற்குக் குறைத்தும் கூட்டியும் சொல்கிறார்கள். ஆயிரங்கள் முன்னே பின்னே போகிற கணக்கை நான் கணக்கென்று எடுத்துக்கொள்வதில்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலை எழுதினார். இலங்கையில் எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை. எங்கள் மலாயாக் கதைகள் மணியோடரோடு நின்றுவிட்டன.

அந்த ரயில் பாதையின் வரைபடம் ஒன்றில், மூன்று பகோடாக் கணவாய்க்குச் சற்று இப்பால், ஒரு முகாமின் பேரை வாசித்தேன். நீக்கே. சில புத்தகங்களில் நீக்கி.

மாமிக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். “மாமி, அது வசனமில்லை. ஊர்ப்பேர்.” அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, “அப்ப அவர் எனக்குப் பதில் சொல்லித்தான் இருக்கிறார் என்ன” என்றார்.

1943 வைகாசியில் மழை பிடித்ததும் நீக்கே பக்கத்து முகாம்களில் வாந்திபேதி விழுந்தது. சாங்கியிலிருந்து அங்கே கொண்டுவரப்பட்ட ‘எஃப்’ படை என்ற 7,000 கைதிகளில் 3,000க்கு மேல் மாண்டுபோனார்கள். அவர்களுக்கு வைத்தியர்கள் இருந்தார்கள். மருந்து இல்லாவிட்டாலும் ஒழுங்கு இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்தார்கள். பக்கத்திலேயே தோட்டத்துச் சனம் கூரையில்லாத கொட்டில்களில், சேற்றில், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் கிடந்தது. பிணங்களைப் புதைக்க முடியாமல் மூங்கிலை அடுக்கி எரித்தார்கள். மூங்கில் கணுக்கள் வெடிக்கிற சத்தம் இரவெல்லாம் கேட்குமாம். அதை வாசித்த அன்று எனக்கு எங்கள் ஒழுங்கை நினைவுக்கு வந்தது, படலைக்கு வெளியே நின்ற மனிதரும்.

அடுத்தமுறை கோண்டாவிலில் மாமியின் வீட்டுக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், தான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். பென்சன் எடுத்து வந்த பிறகு, ஐம்பதுகளின் கடைசியில், அளவெட்டியிலிருந்து ஒரு மலாயாப் பென்சன்காரர் அப்பப்பாவிடம் வந்து போவார். அவரும் சயாமுக்குப் போனவர். இருவரும் விறாந்தையில் இருந்து பெரும்பாலும் பேசாமலே இருப்பார்களாம். ஒருநாள் தேத்தண்ணி கொண்டுபோன மாமியின் காதில் விழுந்தது இது:

“காலமை இடாப்புக் கூப்பிடேக்கை ஓமெண்டவன், அடுத்த நாள் கூப்பிட ஓமெண்ண இல்லை. வெட்டுறதுதானே என்ரை வேலை. வெட்டினன். கடைசியிலை கொப்பியளை எல்லாம் எரிக்கச் சொன்னாங்கள். அதையும் நான்தான் எரிச்சனான்.”

மாமி தட்டத்தோடு கதவு நிலையில் நின்றுவிட்டார். வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து அப்பப்பா, “மூண்டு வருஷத்துக் கொப்பி. ஒரு மணித்தியாலம் காணாது” என்றாராம்.

ஜப்பான் சரணடைந்தபோது எங்கும் பதிவுகளைக் கொளுத்தச் சொல்லித்தான் உத்தரவு போனது. வெள்ளைக்காரக் கைதிகள் தங்கள் பேர்ப்பட்டியல்களை மூங்கில் குழாய்களுக்குள்ளும் புதைகுழிகளுக்குள்ளும் ஒளித்துக் காப்பாற்றினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு படை இருந்தது, திரும்பிப்போய்க் கணக்குக் கொடுக்க ஓர் அரசாங்கம் இருந்தது. தோட்டத்துக் கூலிகளின் பேரை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? எந்தத் துரை கேட்பான்?

அப்பப்பாவும் அங்கே அடைபட்டவர்தான். விரும்பிப் போகவில்லை, விட்டு வரவும் முடியவில்லை. ஆனால் கிறாணி மழைக்கு ஒதுங்கின மேசையடியில் இருந்திருப்பார். கல்லுடைத்தவன் வெளியே நின்றிருப்பான். ஒரு பிடி அரிசி கூடக் கிடைத்திருக்கும். ஊரில் யாரும் அவரைக் கூலியாகப் போனவர் என்று சொல்லவில்லை. ‘அங்கையும் கந்தோர் வேலைதான்’ என்று பெருமையாகவே சொன்னார்கள். தோட்டக்காட்டான் என்று நாங்கள் தள்ளிவைத்த சனத்தோடு ஒரே கொட்டிலில் கிடந்ததைச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வாய் வரவில்லை. எனக்கு அதில் வெட்கம் இருக்கிறது. என் பாட்டன் பட்டதை மட்டும் தேடி எடுத்து, அவர் இடாப்பில் இருந்தவர்களை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

படத்தின் பின்பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். 2606க்கு மேல் ஓடுகிற கோடு இலக்கத்தை மறைக்கவில்லை. நான்கு இலக்கமும் அப்படியே தெரிகின்றன. வெட்டினாலும் வெட்டுண்டது வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது பழைய கந்தோர்ப் பழக்கம். அந்தக் கோட்டை அவர் எத்தனை பேரின் மேல் இழுத்திருப்பார்!

2024 தையில், அந்தப் பாதை ஓடிய காஞ்சனபுரிக்குப் போனேன். ஸ்டேஷனுக்குக் கிட்டவே போர்க் கல்லறை. வெட்டிய புல்லில் ஏறத்தாழ 7,000 கல், ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு, பேர், படைப்பிரிவு, வயது. இருபத்திரண்டு, இருபத்தைந்து, பத்தொன்பது. ஒரு தாயின் வசனம் ஒன்றை வாசித்துவிட்டு அதற்குமேல் போக முடியாமல் நின்றேன். அவர்களுக்கு இது கிடைத்ததில் எனக்கு மனக்குறை இல்லை.

அந்தப் பாதையின் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில், ஜப்பான் படை 1944இல் தானே கட்டிய நினைவுச் சின்னம் இருக்கிறது. மரநிழலில், சுற்றுலாக்காரர் அதிகம் வராத மூலை. அதில் பல மொழிகளில் கல்வெட்டு. அவற்றில் ஒன்று தமிழ். எழுத்துகள் தேய்ந்து பாசி பிடித்திருந்தன. கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். சாகடித்தவன் செத்தவனுக்குத் தமிழில் எழுதிவைத்திருக்கிறான். அதை யார் எழுதிக்கொடுத்திருப்பார்கள்? முகாமில் தமிழ் எழுதத் தெரிந்த ஏதோ ஒரு கிறாணி. அது என் அப்பப்பாவாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ‘த’வின் வளைவை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், படத்துக்குப் பின்னால் எழுத்து இல்லாமல் இலக்கம் மட்டும் இருப்பதை நினைத்து வருத்தப்பட்டபடி.

ஊருக்குள் தவோன் வராராம் என்ற விகாரையில், 2023இல் தமிழர் சேர்ந்து எழுப்பிய நடுகல் நிற்கிறது. முன்னாட்களில் மறவன் ஒருவனுக்கு ஒரு கல் நட்டார்கள். இங்கே ஆயிரமாயிரம் பேருக்கு ஒரே கல். பூக்கடையில் வாங்கிய சாமந்தி மாலையைப் போட்டேன்.

நீக்கேக்குப் போக முடியவில்லை. ரயில் இப்போது நாம் டோக்கோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால், கணவாய்ப் பக்கம், 1980களில் காவ் லேம் அணையைக் கட்டியபோது பாதையின் மேற்பகுதி பெரும்பாலும் நீருக்குள் போய்விட்டது. வாடகைக்குப் பிடித்த வானில் சங்க்லாபுரி வரை போய், ஏரிக்கரையில் நின்று பார்த்தேன். பச்சைத் தண்ணீர். பட்ட மரங்களின் நுனிகள் அங்கங்கே நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு கிழவி தோணியில் மீன் வலையை உதறிக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரை ஒரு கையால் அள்ளி விட்டேன். மந்திரம் எனக்குத் தெரியாது.

ஊருக்கு வந்து இந்தத் தண்ணீர்க் கதையை மாமிக்குச் சொன்னபோதுதான் கடைசி விஷயம் வந்தது. அவருக்கு எண்பத்தெட்டு வயது. நடந்ததைச் சொல்லிவிட்டு நேற்றையதை மறந்துபோகிற வயது.

“அப்ப அவர் கீரிமலையிலை செய்தது அதுதானோ” என்றார்.

படமெடுத்து இரண்டு மாதம் ஆகுமுன் ஆடி அமாவாசை வந்தது. அப்பப்பாவின் தகப்பன் 1943இல் இறந்திருந்தார். மகன் சயாமில் இருந்தபடியால் கொள்ளி வைத்தது மருமகன். அதனால் அந்த வருஷம் அப்பப்பா பிதிர்க்கடன் கழிக்கக் கீரிமலைக்குப் போனார். மாமியும் மாட்டு வண்டியில் கூடப் போனார். கடற்கரை முழுக்கச் சனம், ஐயர்மார், தர்ப்பை, எள்ளு. வீட்டில் காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதச் சமையல் காத்திருந்தது.

“ஐயா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு கடலுக்கை இறங்கினவர். அண்டைக்குத்தான் நான் அந்தக் காலைக் கண்டனான். முழங்காலுக்குக் கீழை, முன்பக்கம், சதையே இல்லை மோனை. குழி. சிரட்டையைக் கவிழ்த்து வைக்கலாம். எலும்புக்கு மேலை தோல் பளபளவெண்டு ஒட்டியிருந்தது.”

சயாம் காட்டில் மூங்கில் கீறினாலே போதும், அது அழுகி எலும்புவரை தின்றுகொண்டு போகும். கரண்டியால் சுரண்டி எடுப்பார்கள், இல்லாவிட்டால் காலையே எடுப்பார்கள் என்று நான் படித்திருந்தேன். கதிரையில் இருந்திருந்தால் வேட்டி அந்த இடத்தில் ஒட்டி விழுந்திருக்கும்.

“ஐயர் தகப்பன்ரை பேரைக் கேட்டார், பேரனாரைக் கேட்டார், எள்ளும் தண்ணியும் இறைச்சாச்சு. முடிஞ்சுது, வாங்கோ எண்டார் ஐயர். இவர் வரேல்லை. ‘இன்னும் ஆர்?’ எண்டு ஐயர் கேட்டார். ‘இருக்கினம்’ எண்டார் ஐயா. ‘என்ன கோத்திரம்?’ ‘கோத்திரம் தெரியாது. பேர் தெரியும்.’ ஐயருக்குப் பின்னாலை சனம் நிக்குது. அவர் எள்ளுச் சரையை ஐயான்ரை கையிலை குடுத்திட்டு மற்ற ஆக்களிட்டைப் போயிட்டார். ஐயா தனியத் தொடங்கினார். ஒரு பேர், ஒரு கை தண்ணி. ஒரு பேர், ஒரு கை தண்ணி. நான் கல்லிலை இருந்து பார்த்துக்கொண்டிருந்தன். எள்ளு முடிஞ்சுது. பிறகு வெறுந் தண்ணியாலை. வெயில் உச்சிக்கு வந்திட்டுது. வண்டிக்காரன் ரெண்டு தரம் கூப்பிட்டான். எனக்கோ பசி. ஐயா நிப்பாட்டேல்லை.”

“என்ன பேருகள், மாமி?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். உதடு அசைந்தது. நான் பேனையைத் திறந்து வைத்திருந்தேன்.

“ஒண்டும் வருகுதில்லை மோனை. எங்கடை ஊர்ப் பேருகள் இல்லை. அது மட்டும் ஞாபகம் இருக்கு.”